கன்னத்துக்கு வந்த மச்சம்

என் வீட்டுக்காரருடைய வலது தொடையில், வெளிப்பக்கமாக, இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு மச்சம் உண்டு. மிளகு அளவு இருக்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "கன்னத்துல இருக்க வேண்டியதுங்க இது, வழி தெரியாம இங்க வந்து உக்காந்துட்டுது" என்று கேலி செய்தேன். அவர் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார். அவ்வளவு கூச்சம். எங்கள் மலைக் குளிரில் ஆண்கள்கூடக் குளித்து முழுசாக உடுத்திக்கொண்டுதான் குளியலறைக் கதவைத் திறப்பார்கள். ஆக, அவருடைய அம்மாவுக்குப் பிறகு அந்த மச்சத்தைப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். பிறகு அது ஊரே பார்க்கிற இடத்துக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது குன்னூருக்குப் பக்கத்தில், ஜெகதளா என்கிற மலையூரில். அவருக்கு வேலை, ஊருக்குக் கீழே இருக்கிற வெடிமருந்துத் தொழிற்சாலையில். நான் குன்னூர் பஜாரில் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறேன். எனக்கு வாய் அதிகம். எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட் நமத்துப் போயிருக்கிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "ஒரு வாரமா மழைங்க, நானே நமுத்துத்தான் உக்காந்திருக்கறேன்" என்பேன். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் இதற்கு நேர்மாறு. "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பேசிடு புள்ள" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேசாமல் இருப்பார். வாயாடியான என்னை விட்டுவிட்டு வாய் திறக்காத மனுஷனுக்கு வாயில் நோய் வந்தது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டார். அங்கே தீப்பெட்டியோ பீடியோ பையில் இருந்தால் கேட்டைத் தாண்ட முடியாது. வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஒரு குச்சி உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விதியில் தப்பே இல்லை. ஆனால் ஷிஃப்ட் முழுக்க வாய் சும்மா இருக்காதே. கூட வேலை பார்த்தவர்கள் செய்ததையே இவரும் செய்தார். ஒரு சிட்டிகை புகையிலையை இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டார். புகையிலை வெடிக்காது அல்லவா. புகையும் இல்லை, நெருப்பும் இல்லை, யாருக்கும் ஆபத்தும் இல்லை என்று அவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கன்னம் லேசாக உப்பியபடியே இருக்கும். "உள்ள என்ன, கொழுக்கட்டையா? எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று சண்டைக்குப் போவேன். எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். மறுநாள் மறுபடியும் இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்ன வயதில், அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவர் செருப்பைக் கழற்றும் முன்பே தட்டோடு ஓடிப்போய் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் மறுபடி உட்காருவாள். அவரும் குனிந்து, வாயை ஆவென்று திறந்து வாங்கிக்கொள்வார். கல்யாணமாகித் திருப்பூருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. எப்போது வந்தாலும் அவள் தட்டில் முதல் கவளம் அவருக்குத்தான். கட்டிக் கொடுத்த பெண் அப்பாவுக்கு ஊட்டுகிறதைப் பார்த்து மாப்பிள்ளை சிரிப்பார். எனக்கு ஒரு கவளம்கூட வந்ததில்லை, அதை அவ்வப்போது சொல்லிக்காட்டியும் இருக்கிறேன்.

வர்க்கியை முழுசாக டீயில் முக்கிக் கடிக்கிற மனுஷன், அதை விண்டு விண்டு வாயில் போட ஆரம்பித்தார். நான் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மகள் வந்திருந்தபோது, அவள் நீட்டிய கவளம் பாதிதான் உள்ளே போனது, மீதி சட்டையில் விழுந்தது. "என்னப்பா, வாயத் தெறங்க" என்றாள். "தெறந்துட்டுத்தான் சாமி இருக்கறேன்" என்றார். அப்போதுதான் கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளை வெள்ளையாக, நடுவில் குழியாக ஒரு புண். அடுத்த வாரமே கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். இடது கன்னத்தை உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கமும் எடுத்துவிட வேண்டும். தாடை எலும்பிலும் ஒரு துண்டு போகும். அந்த ஓட்டையை அப்படியே விட முடியாது. அதனால் தொடையிலிருந்து தோலையும் அடியில் இருக்கிற கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொடுக்கிற குழாயோடு சேர்த்து எடுத்து, மடித்து, ஒரு பாதியை வாய்க்கு உள்பக்கமாகவும் மறு பாதியைக் கன்னமாகவும் வைத்துத் தைப்பார்கள். குழாயைக் கழுத்தில் ஓடுகிற குழாயோடு இணைப்பார்கள். அந்த ரத்தம் ஓடினால்தான் தோல் புது இடத்தில் பிழைக்கும். அந்தத் துண்டுக்கு ஃப்ளாப் என்று பெயர் சொன்னார்.

"தொடையிலிருந்துங்களா?" என்று கேட்டேன்.

"அங்கதாம்மா தாராளமா தோல் இருக்கு. நடக்கறதுக்கும் பெருசா தொந்தரவு வராது. தழும்பும் துணிக்குள்ள மறைஞ்சிரும், வெளிய தெரியாது."

"தழும்பு தெரியாதுங்க. தொடை தெரியுமே" என்றேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் வந்தது, ஆனால் சிரிக்கிற அளவுக்கு வாய் திறக்கவில்லை.

அவர் கேட்ட கேள்விகள் இரண்டே. "மேடு ஏற முடியுமுங்களா? எங்கூடு மேட்டுல இருக்குது." முடியும் என்றார் டாக்டர். "சாப்பிட முடியுமுங்களா?" மெதுவாக, பழகப் பழக முடியும் என்றார். முகம் எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை, பயமாக இருந்தது.

ஆபரேஷன் காலையில் தொடங்கி இருட்டிய பிறகுதான் முடிந்தது. அதற்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அழுத்துவார், நிறம் பார்ப்பார், சின்ன ஊசியால் குத்தி வருகிற ரத்தம் நல்ல சிவப்பா, கறுப்பா என்று பார்ப்பார். என்னைப் பார்த்ததும், "ஃப்ளாப் உயிரோட இருக்குதுங்கம்மா" என்றார். "அது உயிரோட இருக்கறது சந்தோசமுங்க. மனுசன்?" என்றேன். "அவருந்தானுங்க" என்று சிரித்தபடி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. மலை வெயிலிலும் பனியிலும் கருத்துக் காய்ந்த முகம் அது. அதன் இடது பக்கத்தில், ஒரு நாளும் வெயில் படாத தோல், வெளுப்பாக, வழவழவென்று, சுற்றிலும் தையலோடு இருந்தது. அந்த வெளுப்புக்கு நடுவே மச்சம். என் கை தானாகப் போர்வையை இழுத்து அவர் முகத்தை மூடப் போனது. நடு பஜாரில் அவர் வேட்டி அவிழ்ந்து நிற்பது போல எனக்குக் கூச்சம் பிடுங்கியது. "முகத்த மூடாதீங்கம்மா, நாங்க பாத்துட்டே இருக்கோணும்" என்று நர்ஸ் போர்வையை மெதுவாக விலக்கினார். எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர்கள் பார்த்தார்கள், படிக்கிற பிள்ளைகள் கும்பலாக வந்து பார்த்தார்கள், தரை துடைக்க வந்த அம்மா பார்த்தார். அந்த மச்சம் என்னுடையது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது.

தொடைத் தோல் தான் தொடைத் தோல் என்பதை மறக்கவில்லை. சில வாரங்களில் அதில் கால் முடி முளைத்தது. நான்தான் ரேஸர் வைத்து எடுத்துவிட்டேன். "கல்யாணத்தப்ப கன்னத்துல மச்சம் வேணும்னு கேட்டயே, திருப்தியா?" என்று குழறிக் குழறிச் சொன்னார். எங்கள் முப்பது வருஷத்தில் அவர் செய்த கேலி இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் கையில் ரேஸரோடு சிரித்தேன், பிறகு கொல்லைக் கதவருகே போய் நின்று அழுதேன். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்த பிறகு முடி முளைப்பது நின்றது. அந்தப் பக்கத்துத் தாடியும் சேர்ந்து போனது.

முகத்தை மறைத்துத் திரிய எங்கள் மலை ரொம்ப வசதி. மப்ளரைச் சுற்றிக்கொண்டு குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டால் கண் மட்டும்தான் தெரியும். ஏன் இப்படிப் போகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், பாதி ஊர் அப்படித்தான் போகிறது. வேலையில் மிச்சமிருந்த கொஞ்ச காலம் மெடிக்கல் லீவிலேயே கழிந்து ஓய்வும் வந்துவிட்டது. மேடு ஏறினார், பால் வாங்கிவந்தார், தோட்டத்தில் பீன்ஸுக்குக் குச்சி நட்டார். எல்லாவற்றையும் மப்ளரோடு செய்தார். சித்திரை வெயிலிலும் அது கழுத்தை விட்டு இறங்கவில்லை.

சாப்பாடுதான் பிரச்சினை. அந்தக் கன்னத்துக்கு ரத்தம் ஓடியது, உணர்ச்சி ஓடவில்லை. உள்ளே சாதம் ஒதுங்கிக் கிடந்தாலும் தெரியாது, உதட்டு ஓரம் ரசம் வழிந்தாலும் தெரியாது. குழைத்த சாதத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் என் தட்டோடு கதவுக்கு இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். உறிஞ்சுகிற சத்தம் கேட்கும், இருமல் கேட்கும், குழாயைத் திறந்து முகம் கழுவுவது கேட்கும். "உப்பு சரியா இருக்குதுங்களா?" என்று கதவைப் பார்த்துக் கேட்பேன். "ம்" என்று வரும். கதவை நடுவில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம்.

மகள் குழந்தையோடு வந்தாள். தட்டைக் கொண்டுவந்து, ரசம் சாதத்தைப் பாலாகப் பிசைந்து, முதல் கவளத்தை அவருக்கு நீட்டினாள். அவர் மப்ளரைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை ஆட்டி, "அப்பறம் சாமி" என்றார். அவள் நீட்டிய கையை எடுக்காமல் நின்றாள். அவர் எழுந்து போய்விட்டார். பேத்தி, "அப்பிச்சிக்குப் பசிக்கலையா?" என்று கேட்டது. என் மகள் கையைக் கழுவிவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்கள் ஊருக்குப் போனதும் பிடித்துக்கொண்டேன். "பெத்த மகளுக்கு முன்னால என்ன வெக்கம் உங்களுக்கு? அவ அழுதுட்டுப் போறா."

அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "வழியறது எனக்குத் தெரியறதில்ல புள்ள. அவ பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம தொடச்சு உடுவா. எம்மவ எனக்கு வாய் தொடைக்கோணுமா? பழகிக்கறேன். வழியாம சாப்பிடப் பழகிட்டு, பொங்கலுக்கு அவ கையால வாங்கிக்கறேன். பொங்கலுக்குக் கண்டிப்பா."

அன்றிலிருந்து பின்னறையில் ஒரு கண்ணாடி வந்தது. ஆணியடித்து மாட்டி, அதைப் பார்த்தபடி சாப்பிட்டுப் பழகினார். தலையை வலது பக்கம் சாய்த்தால் வழியாது என்று கண்டுபிடித்தார். நான் கடையிலிருந்து கொண்டுவரும் வர்க்கியை டீயில் ஊறவைத்து, சின்ன ஸ்பூனால் எடுத்து, உதட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து வந்து சட்டையைக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. பரீட்சையில் பாஸான பிள்ளை போல நின்றார். மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், பொங்கலுக்கு அவளே பார்க்கட்டும் என்றார்.

கார்த்திகையில் பனி இறங்கியது. வெட்டிய தாடை குளிரில் குத்தும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்தில் பல் வலித்தாலும் சரி, இடுப்பு வலித்தாலும் சரி, எல்லா வீட்டிலும் முதலில் எடுப்பது சுடுதண்ணீர்ப் பைதான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை அது. நான் கடையில் இருந்த நேரம், அவர் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பையில் ஊற்றி, கன்னத்தோடு வைத்து, மேலே மப்ளரைச் சுற்றிக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். உள்ளே தாடைக்கு இதமாக இருந்ததாம். நான் வந்து மப்ளரைக் கழற்றியபோது வெளுத்த தோலின் கீழ்ப்பாதி முழுக்கக் கொப்புளம்.

"இத்தனை சூடு ஒறைக்கலீங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஒறைக்கலையே புள்ள" என்றார். கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்து, அப்போதும் ஒன்றும் தெரியாமல், விரலில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்துத்தான் பயந்தார்.

உணர்ச்சி இருக்காது, சூடு, கத்தி எல்லாம் ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இருவரும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தோம். ஆனால் இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சூடு என்றால் மருந்து, அதில் ஆபத்து இருக்கும் என்று மனசில் ஏறுவதில்லை. மருந்து போட்டோம். ஒரு பக்கம் ஆறியது, தாடைக்குக் கீழே ஓரமாக ஒரு இடம் மட்டும் ஆறவே இல்லை. மார்கழியில் மறுபடியும் கோயமுத்தூருக்குப் போனோம். அந்தப் பெண் டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினார். கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள்.

"சூடு பட்டதால வரலைங்கய்யா. பழைய நோய்தான், முன்னாடியே உள்ள திரும்ப வந்திருக்கு. புண்ணு ஆறாததால இப்ப தெரிஞ்சுது" என்றார் டாக்டர். கழுத்துக்குள் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பதாகவும், இனி வெட்டி எடுக்க முடியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் மப்ளரைக் கீழே இறக்கினார். தெளிவாகப் பேச வேண்டும் என்று உதட்டை விரலால் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தொடை இருக்குதுங்களே டாக்டர்" என்றார்.

மச்சத்தைக் காட்டக் கூச்சப்பட்டு வேட்டியை இழுத்து மூடிக்கொண்ட மனுஷன். இடது காலைத் தட்டிக் காட்டி, எடுத்துக்கோங்க என்கிறார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்குதுங்கய்யா. தோலுக்குப் பஞ்சமில்ல. கொண்டுவந்து வெக்கறதுக்குத்தான் நல்ல இடம் மிச்சம் இல்ல." சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னப் பெண், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் திரும்பினோம். மலை ஏறுகிற வழியில், பர்லியாறில் டீக்கு நிறுத்தினார்கள். எப்போதும் பஸ்ஸை விட்டு இறங்காதவர் இறங்கினார். கடையில் போய் டீ சொன்னார், ஒரு வர்க்கி எடுத்தார். அத்தனை ஜனம் நிற்கிற இடத்தில் மப்ளரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிட ஆரம்பித்தார். தலையைச் சாய்க்கவில்லை. உதட்டைப் பிடிக்கவில்லை. டீ கன்னத்தில் வழிந்து, மச்சத்தைத் தாண்டி, சட்டைக் காலருக்குள் போனது. ஒரு பெண் தன் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அவளை நான் பார்த்த பார்வையில் அவளே பஸ்ஸுக்குள் ஏறிவிட்டாள். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று இத்தனை மாதமும் நான் சண்டை போட்டது இதற்குத்தான். கிடைத்தபோது வேண்டவே வேண்டாம் என்று இருந்தது. பழகுவதை அவர் விட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

"புள்ளைக்கு இப்பச் சொல்லாத. பொங்கலுக்கு வருவாளே, அதுவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்றார். வாயைத் துடைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அவர் நினைத்ததைவிட வேகமாக வாய் பூட்டிக்கொண்டது. விரல் நுழைந்த இடத்தில் ஸ்பூன் காம்புகூட நுழையவில்லை. பொங்கலுக்கு முன்பே மூக்கில் குழாய் போட வேண்டியதாகிவிட்டது. மகள் பொங்கலன்று காலை பையோடு வாசலில் நின்று அந்தக் குழாயைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு அவர் மப்ளர் இல்லாமல் எங்களோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பேத்தி அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பிச்சி, மச்சம் நல்லா இருக்குது" என்றது. என் மகள் சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து அவர் உதட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்து பார்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பல் விலகவில்லை. "உடுங்கப்பா, பால்ல கரைச்சுக் கொழாயிலயே ஊத்தறேன், அதும் என்ற கைதானே" என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்று அவருக்கு நினைப்பு. உள்ளங்கையை அசைத்துக் காட்டினார். அப்பறம் என்று அர்த்தம். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

மாசியில் போய்விட்டார்.

கடைசி வாரங்களில் முகம் வீங்கி, கோணி, கண் ஒரு பக்கம் மூடி, அவர் முகமாகவே இல்லாமல் போயிருந்தது. குளிப்பாட்டி வாசலில் கிடத்தியபோது, கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "மூஞ்சிய மப்ளர் போட்டு மூடிரலாமுங்களா அம்மிணி? வர்றவங்க பயப்படுவாங்க" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். "வேண்டாமுங்க மாமா. பாக்கட்டும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நோய் எல்லாவற்றையும் மாற்றியிருந்தது, அந்த வெளுத்த தோலின் மேல்பகுதியை மட்டும் விட்டுவைத்திருந்தது. சூடும் அதை விட்டுவைத்திருந்தது. மச்சம் அப்படியே இருந்தது. அந்த முகத்தில் எனக்கு அடையாளம் தெரிந்த இடம் அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் நான் தொட்டுச் சிரித்த தோல். எல்லார் முன்னாலும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அண்ணன் போட்டார், மாப்பிள்ளை போட்டார், கூட வேலை பார்த்தவர்கள் வரிசையாக வந்து போட்டார்கள். அரிசி உள்ளே போகாமல் உதட்டில் பட்டு உருண்டு, கன்னத்தில் வழிந்து, கழுத்தோரம் சேர்ந்தது. கடைசியாக என் மகள் வந்தாள். மற்றவர்களைப் போல மேலே இருந்து போடவில்லை. மண்டியிட்டு, குனிந்து, சாதம் ஊட்டுகிற மாதிரி விரல்களைக் குவித்து அவர் உதட்டோடு வைத்து, "அப்பா, வாங்கிக்கோங்க" என்றாள். இந்தத் தடவை அவர் கையை அசைத்து மறுக்கவில்லை. கன்னத்தில் வழிந்திருந்த அரிசியை அவள் தன் முந்தானையால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டாள்.